காப்புறுதி முடிந்து பத்தொன்பதாம் நாள்

யுத்த காலத்தில் நான் கொழும்பில் கலியாணக் கேக் செய்து விற்றேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் எங்கள் வீடு. கணவர் வங்கியில் லிகிதர். மகள்மார் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களின் கலியாணத்தில் கேக் அந்த நாளில் இன்னொரு பலகாரம்தான். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அப்படியல்ல. மூன்று தட்டுக் கேக் மேசையில் நிற்காமல் அங்கே கலியாணம் ஒப்பேறாது. அதனால் என் அடுப்பு வெள்ளவத்தையில், என் வாடிக்கையாளர் கொட்டாஞ்சேனையில்.

இரண்டுக்கும் நடுவில் ஓடியது எங்கள் பழைய கிறீம் நிறக் கார். கணவரின் மேலதிகாரி ஓய்வு பெற்றபோது மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனது. நான்தான் ஓட்டுவேன். ஆண்கள் ஓட்டிப்போனால் சோதனைச் சாவடியில் நிற்கும் நேரம் வேறு, பெண்கள் ஓட்டிப்போனால் நிற்கும் நேரம் வேறு. அதற்கு முந்திய ஆண்டு ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் குடியிருப்பின் ஆண்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய், என் கணவரை இரண்டு நாள் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், அடுத்த நாள் வேலைக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதன்பிறகு எந்தப் பொலிஸ் நிலையத்தைக் கடந்தாலும் வீதியின் மறுபக்கத்துக்கு மாறித்தான் நடப்பார்.

காரின் காப்புறுதி முடிந்துபோனது முழுக்க என் பிழை. கோட்டையில் இருந்த காப்புறுதி அலுவலகம் பாதுகாப்புக் கெடுபிடியால் வேறிடத்துக்கு மாறியிருந்தது. புது இடத்தைத் தேடிப் போக வேண்டும் என்று தெரியும். அந்த மாதம் தொடர்ந்து ஓடர்கள். கட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த காசு பட்டருக்கும் கஜுவுக்கும் பிளம்ஸுக்கும் போனது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம்.

கேக்கின் அடித்தட்டை ஒரு பெட்டியில் வைத்துப் பின்னிருக்கையின் இடது பக்கம், கீழே இறுக்கி வைத்தேன். மேல் இரண்டு தட்டுகளும் வலது பக்கம், இருக்கையின்மேல். விருந்தினருக்குக் கொடுக்க வெள்ளித்தாளில் சுற்றிய துண்டுகள் டிக்கியில். காலை பத்தரை மணிபோல் ஜம்பட்டா வீதியிலிருந்து ஒரு கிளை வீதிக்குத் திரும்புவதற்காக, எதிரில் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு பச்சை லொறி வந்தது. நான் நிற்பதை அது கவனிக்கவில்லை. கவனித்தபோது பிரேக் பிடிக்கவும் இல்லை. எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்து போகப் பார்த்தது.

சத்தம்தான் முதலில். பிறகு கார் இடது பக்கம் தள்ளுண்டு மதிலில் மோதியது. ஸ்டியரிங் சுழன்றதில் என் வலது மணிக்கட்டு அதற்குள் முறுகியது. லொறியின் பக்கப் பலகையில் கயிறு கட்டுவதற்கென்று இரும்புக் கொக்கிகள் இருக்கும். அவற்றில் ஒன்று என் பின்கதவின் கைப்பிடியில் மாட்டி, கதவைப் பிய்த்துக்கொண்டு போனது. கதவோடு சேர்த்து இரண்டு தட்டுக் கேக்கையும் இழுத்துக்கொண்டு போனது. லொறி ஒரு கணம் தயங்கியதை நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பிறகு வேகமெடுத்து மறைந்துவிட்டது.

வீதியில் வெள்ளை வெள்ளையாக ஐசிங் கிடந்தது. அதில் நான் மூன்று இரவு இருந்து செய்த றோசாப்பூக்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கை வலிப்பதுகூட உடனே தெரியவில்லை. டிக்கி திறக்குமா என்றுதான் முதலில் கேட்டேனாம். பிறகு அவர்கள் சொன்னார்கள்.

கூட்டத்திலிருந்து வந்து என்னைக் காரிலிருந்து இறக்கியவர் அந்த வீதியிலேயே குடியிருந்த, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். உயரமான மனிதர், சாரமும் பெனியனுமாக நின்றார். கழுத்தில் செபமாலை.

"மிஸ், நான் வாசல்லதான் நின்னேன். எல்லாத்தையும் பாத்தேன்," என்றார். "பச்ச லொறி. மேல தார்ப்பாய். ஒருகொடவத்தப் பக்கமாப் போறான். நம்பர்ல கடைசி ரெண்டும் அம்பத்தேழு. முன்னாடி உள்ளதப் புடிக்க முடியல்ல."

"நீங்கள் பார்த்தது போதும்," என்றேன். அப்போது அது உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நான் முதலில் கலியாண வீட்டுக்குப் போனேன். அவர் முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து, அடித்தட்டையும் வெள்ளித்தாள் துண்டுகளையும் ஏற்றி, என்னோடு தானும் வந்தார். மணமகளின் தாய் என் வீங்கிய கையைப் பார்த்தார், பெட்டிக்குள்ளிருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தார். அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது.

"இடிஞ்ச பக்கத்த செவருப் பக்கமாத் திருப்பி வைப்போம்," என்றார். "பூ இருக்கு, சுத்தி வைக்கலாம். நீங்க கையப் பாருங்க, மிஸ்." ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தப் பெண் அன்று பின்னேரம் அந்த ஒற்றைத் தட்டைத்தான் வெட்டினாள்.

மணிக்கட்டில் எலும்பு வெடித்திருந்தது. ஆறு கிழமைக்குப் பிளாஸ்டர். ஆறு கிழமைக்கு என்னால் முட்டை அடிக்க முடியாது, ஐசிங் போட முடியாது. கலியாண மாதத்தில் பிடித்திருந்த நான்கு ஓடர்களும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியாகக் காப்புறுதியையும் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப விடும்," என்றார்.

"எதை விட?"

"எல்லாத்தையும்தான். இன்சூரன்ஸ் இல்லாத காரோட பொலிசுக்குப் போனால், முதல்லை உம்மைத்தான் பிடிப்பாங்கள். போதாததுக்குத் தமிழ். ஐடென்ரிற்றி கார்ட்டிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம். உயிர் தப்பினதே பெரிய காரியம். காரைத் திருத்தலாம், இல்லாட்டி இரும்புக்கு வித்துவிடுவம்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். குடியிருப்பில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், ஊரிலிருந்து கடிதம் எழுதிய என் அண்ணன், எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பிழை செய்தவள் நான், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவளும் நான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை, மதிலோரமாகத் தள்ளி வைத்திருந்த காரைக் கராஜுக்கு அனுப்ப ஒழுங்கு செய்வதற்காகக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் சோதனைச் சாவடி. வழக்கம்போல் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை இடது கையில் நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற லொறி ஒன்றை ஒரு கொன்ஸ்டபிள் சுற்றி வந்து பார்ப்பதைக் கண்டேன். அவர் கையில் பெரிய கொப்பி ஒன்று. லொறியின் இலக்கத்தை எழுதினார், சாரதியிடம் ஏதோ கேட்டு எழுதினார், மணிக்கூட்டைப் பார்த்து அதையும் எழுதினார்.

எத்தனையோ தரம் பார்த்த காட்சிதான். குண்டு ஏற்றிய வாகனம் நகருக்குள் வந்துவிடும் என்ற பயத்தில் அந்த நாளில் லொறிகளை எங்கும் இப்படித்தான் பதிவார்கள். ஆனால் அன்றுதான் எனக்கு உறைத்தது. துறைமுகத்திலிருந்து ஒருகொடவத்தைக்குப் போகும் வழியிலும் ஒரு சாவடி இருக்கிறது. சனிக்கிழமை பத்தரைக்குப் பிறகு பச்சை லொறி அதைக் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

நேரே கிரேன்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "நடந்தே போவோம், மிஸ். தூரமில்ல."

"உங்களுக்குப் பிரச்சினை வரக்கூடாது."

"எனக்கென்ன பிரச்சின. பாத்ததத்தான சொல்லப் போறேன்."

சாவடியில் நடுத்தர வயதுக் கொன்ஸ்டபிள் ஒருவர் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். சிங்களத்தில் பேசினேன், திருமணத்துக்கு முன் அரசாங்கப் பரீட்சைக்காகப் படித்த சிங்களம். அவர் முதலில் அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடத்தைப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் பிளாஸ்டரைப் பார்த்து, "கைக்கு என்ன, நோனா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

சொன்னேன். லொறி, கதவு, கேக், எல்லாம்.

"கேக் முழுக்கப் போய்விட்டதா?"

"ஒரு தட்டு மிஞ்சியது."

அவர் நாக்கைச் சப்புக் கொட்டினார். கொப்பியை எடுத்துச் சனிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு கொப்பியை மூடினார். "இதை நான் உங்களுக்குக் காட்ட முடியாது. சட்டப்படி ஏலாது. பொலிஸ் நிலையத்திலிருந்து சார்ஜன்ட் வந்து கேட்டால் காட்டுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை இந்தக் கொப்பி மேலிடத்துக்குப் போய்விடும். போனால் திரும்ப எடுப்பது கஷ்டம். இன்றைக்கே போங்கள்."

கணவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். பொலிஸ் நிலையத்தின் வாசலில் கிரேன்காரர் எனக்கு முன்னால் படியேறினார். அவர் ஏறியதால் நானும் ஏறினேன். போக்குவரத்துப் பிரிவில் இருந்த சார்ஜன்ட் மெலிந்தவர், வெற்றிலை போட்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் வாய் திறப்பதற்கு முன் கையை நீட்டினார். "லைசன்ஸ். காப்புறுதிப் பத்திரம்."

வரும் வழியெல்லாம் அந்தப் பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "லைசன்ஸ் இருக்கிறது. காப்புறுதி இல்லை. விபத்து நடந்தபோது முடிந்து பத்தொன்பது நாள். என் கவலையீனம்தான்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஒருவேளை யாரும் அவரிடம் அப்படி நேரே சொன்னதில்லையோ என்னவோ. சாளரத்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அதற்கு உங்களுக்கு வழக்குப் போட வேண்டும்," என்றார்.

"போடுங்கள். தண்டம் கட்டுகிறேன். ஆனால் என்னை அடித்துவிட்டு ஓடியவனுக்கும் போடுங்கள்."

"அது வேறு குற்றம், இது வேறு குற்றம்," என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். அந்த வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளாக என் தலைக்குள் அவை இரண்டும் ஒரே குற்றமாகப் பின்னிக் கிடந்தன.

முறைப்பாட்டை எழுதி முடித்துக் கையெழுத்திடச் சொன்னார். வாசித்துப் பார்க்க வேண்டும் என்றேன். சிங்களம் வாசிப்பீர்களா என்று கேட்டார். மெதுவாக வாசிப்பேன் என்றேன். நிஜமாகவே மெதுவாகத்தான் வாசித்தேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். லொறி என் காரில் 'உரசிச் சென்றது' என்று ஓரிடத்தில் இருந்தது.

"இது உரசியது இல்லை, மாத்தயா. மோதியது. மோதிவிட்டு நிற்காமல் போனது. அப்படி எழுதுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார், கிரேன்காரரைப் பார்த்தார். வெட்டிவிட்டு மாற்றி எழுதினார். ஓரத்தில் தன் சிறு கையொப்பத்தையும் போட்டார். நான் இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல், என் பெயரை எழுதினேன்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். "உம்மை எங்கை இருத்தினவங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"கதிரையிலை."

"கதிரையிலையோ," என்றார். அதற்குப் பிறகு "விடும்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

புதன்கிழமை சார்ஜன்ட் சாவடிக் கொப்பியைப் பார்த்துவிட்டார். பத்து நாற்பது. பச்சை லொறி, கோதுமை மா மூட்டை, துறைமுகத்திலிருந்து ஒருகொடவத்தை. இலக்கத்தின் கடைசி இரண்டும் ஐம்பத்தேழு. வியாழக்கிழமை என்னையும் கிரேன்காரரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒருகொடவத்தையில் அந்த லொறிகள் நிற்கும் யார்டுக்குப் போனார். ஒன்பது லொறிகள் நின்றன, அதில் நான்கு பச்சை. உரிமையாளர் அலுவலக அறையிலிருந்து வந்தார். வெள்ளை உடுப்பு, பொக்கற்றில் இரண்டு பேனை. சனிக்கிழமை தன் லொறி எங்கும் மோதவில்லை என்றார். ஐம்பத்தேழைக் காட்டி, "பாருங்கள், ஒரு கீறல் இருக்கிறதா?" என்றார்.

லொறி நன்றாகக் கழுவப்பட்டிருந்தது. பக்கப் பலகைக்குப் புதுப் பச்சை அடித்திருந்தார்கள், வாசம்கூடப் போகவில்லை. சார்ஜன்ட் சுற்றி வந்தார். அப்போதுதான் கொக்கிகளை அடிப்பக்கமாகப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முட்டை வெள்ளையும் சீனித்தூளும் அடித்துச் செய்யும் ஐசிங் ஒரு நாள் காய்ந்தால் சீமெந்து மாதிரி. தண்ணீரைப் பீச்சியடித்தால் மேலால் வழிந்து போகும்; இடுக்கில் இருப்பது போகாது.

சொன்னதும் சார்ஜன்ட் குனிந்தார். மூன்றாவது கொக்கியின் பின்புறத்தில், பலகையோடு சேரும் இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. நகத்தால் சுரண்டினார். விரலில் வந்ததை முகர்ந்து பார்த்தார்.

"வனிலா," என்றார்.

கிரேன்காரர் சிரித்தேவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, வலித்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் என் காரின் கிறீம் நிறமும் ஒரு கோடாக இருந்தது. புதுப் பச்சை அதை மறைக்கப் போதவில்லை.

உரிமையாளர் அத்தோடு அடங்கிவிடவில்லை. சாரதியை வரச்சொல்லி, அவன் செய்ததை ஒப்புக்கொண்டபின், என் பக்கம் திரும்பினார். "நோனாவிடம் காப்புறுதி இல்லையாமே. காப்புறுதி இல்லாத வண்டிக்கு நான் ஒரு சதமும் தர மாட்டேன். வழக்குப் பேசிப் பாருங்கள்." எப்படியோ அவருக்கு அது தெரிந்திருந்தது.

அந்தப் பேச்சு என்னை ஒரு இரவு தூங்க விடவில்லை. அடுத்த நாள் புதுக்கடைக்குப் போனேன். நீதிமன்றத்துக்கு எதிரில், தட்டச்சுப் பொறிகள் அடிபடும் ஒரு மாடியில் இருந்த சட்டத்தரணி ஒருவரின் மகளுக்குக் கேக் செய்து கொடுத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கார் நிண்டதோ, ஓடினதோ?"

"நிண்டது."

"பிழை ஆரிலை?"

"லொறியிலை."

"அப்ப உங்கடை காப்புறுதி இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன? காப்புறுதி இருந்தால் உங்களுக்குக் காசு கெதியா வரும், அவ்வளவுதான். இல்லாட்டியும் இடிச்சவன் குடுக்கத்தான் வேணும். நீங்கள் கட்ட வேண்டிய தண்டம் அரசாங்கத்துக்கு. அவர் கட்ட வேண்டிய நட்டம் உங்களுக்கு. ரெண்டையும் ஒண்டாக் கட்டி உங்களை வெருட்டுறார்."

பீஸ் எவ்வளவு என்று கேட்டேன். "கை சுகமானாப் பிறகு ஒரு கேக்," என்றார்.

நீதிமன்றத்தில் என் வழக்கும் சாரதியின் வழக்கும் ஒரே காலையில் கூப்பிடப்பட்டன. காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு எனக்குத் தண்டம். குற்றவாளிக் கூண்டில் நின்றபோது வெட்கமாகத்தான் இருந்தது. பற்றுச்சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தபோது அந்த வெட்கம் போய்விட்டது. என் பக்கம் சுத்தமாகிவிட்டது என்று தோன்றியது. சாரதிக்கு என்னிலும் பெரிய தண்டம், அனுமதிப்பத்திரமும் சில மாதங்களுக்கு நிறுத்தம். நட்டத்தைப் பற்றி இணக்க சபையில் பேசித் தீர்க்கும்படி அனுப்பினார்கள்.

இணக்க சபை ஒரு பாடசாலை மண்டபத்தில், விடுமுறை நாளொன்றில் கூடியது. சிறு பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் கொண்ட சபை. தலைமை தாங்கியவர் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர், வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். என்னோடு கிரேன்காரர் வந்திருந்தார். கணவர் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மண்டப வாசல்வரை வந்தார். பிறகு உள்ளேயும் வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்தார்.

சாரதி முதலில் பேசினான். நாற்பது வயதிருக்கும், குருநாகல் பக்கத்தவன். பயந்திருந்தான். "பெரிய சத்தம் கேட்டது. குண்டு என்று நினைத்தேன். அதுதான் நிற்காமல் ஓடிவிட்டேன்," என்றான்.

மண்டபத்தில் சிலர் தலையாட்டினார்கள். அந்த நாளில் சத்தம் கேட்டால் எல்லாருக்கும் அதுதான் நினைவு வரும். ஆசிரியை என்னைப் பார்த்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எழுந்து நின்றேன்.

"பத்து நிமிடத்தில் சோதனைச் சாவடியில் நின்றீர்கள், இல்லையா?"

"ஓம், நோனா."

"அங்கே பொலிஸ்காரர் உங்களோடு பேசினார். ஏற்றியது மா என்று சொன்னீர்கள், கொப்பியில் இருக்கிறது. பின்னால் குண்டு வெடித்தது என்று அவரிடம் சொன்னீர்களா?"

அவன் கீழே பார்த்தான். "வேலை போய்விடும் என்று பயந்துதான்," என்றான். அது உண்மை என்று கேட்ட எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்தது. உரிமையாளர்மேல் குறையவில்லை.

உரிமையாளர் மறுபடியும் காப்புறுதியை எடுத்தார். நான் தண்டப் பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்து, சட்டத்தரணி சொன்னதை என் சிங்களத்தில் சொன்னேன். ஆசிரியை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அவர் தன் கடனைக் கட்டிவிட்டார். உங்களுடையதைப் பற்றிப் பேசுவோம்," என்றார்.

கதவும் டிங்கர் வேலையும் பெயின்டும், ஆஸ்பத்திரிச் செலவும் பிரச்சினையில்லாமல் ஒப்பேறின. கேக்கில் உரிமையாளர் பிடித்துக்கொண்டார். "ஒரு கேக்குக்கு இவ்வளவா? மாவும் சீனியும்தானே."

ஆசிரியை அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். "முட்டை எத்தனை போட்டீர்கள்?"

சொன்னேன். கஜு எத்தனை இறாத்தல், பட்டர் எவ்வளவு, பிளம்ஸை எத்தனை நாள் ஊறப்போட்டது, றோசாப்பூ ஒன்றுக்கு எவ்வளவு நேரம், ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. தன் முன்னிருந்த தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உரிமையாளரிடம் திரும்பினார்.

"இவர் குறைத்துத்தான் கேட்டிருக்கிறார். நான் செய்தால் இதைவிடக் கூடக் கேட்பேன்."

மண்டபம் சிரித்தது. உரிமையாளரும் கடைசியில் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வது. போன நான்கு ஓடர்களில் இரண்டுக்கு மட்டும் தருவதாகச் சொன்னார். நான் மூன்று என்றேன். மூன்றுக்கு இணங்கினார். இரண்டு தவணையில் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டார். பிளாஸ்டர் கழற்றிய என் வலது கையால், அதற்குக் கீழே நான் என் வழக்கமான கையெழுத்தை இட்டேன்.

வெளியே வந்ததும் கிரேன்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று பேரும் ஒரு கடையில் நின்று பிளேன்ரீ குடித்தோம். இத்தனை கிழமையில் என் கணவரை அவர் சந்தித்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பற்றித் துறைமுகப் பாஷையில் ஏதோ புகழ்ந்து சொல்ல, கணவர் கூச்சத்தோடு தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு தவணையும் சொன்ன நாளிலேயே வந்தது. கார் திருந்தி வந்தது. பின்கதவின் கிறீம் மற்றக் கதவுகளைவிடக் கொஞ்சம் புதிதாக இருக்கும், அவ்வளவுதான். வந்த அன்றே காப்புறுதி அலுவலகத்தின் புது இடத்தைத் தேடிப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். சட்டத்தரணிக்கு ஒரு கேக், கிரேன்காரர் வீட்டுக்கு ஒரு கேக். கிரேன்காரர் பணம் எதுவும் வாங்க மறுத்துவிட்டார். கேக்கை மட்டும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு தெஹிவளையிலிருந்தும் மாளிகாவத்தையிலிருந்தும்கூட, வாகனத்தில் அடிபட்ட ஆட்கள் யாராவது என் பெயரைக் கேள்விப்பட்டு வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டைச் சொல்லி அனுப்புவேன்.

இந்தக் கதையை அதிகம் சொன்னது நான் அல்ல, என் கணவர். கலியாண வீடுகளில், வங்கியில், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்லுவார். நாளடைவில் கதையில் சில திருத்தங்கள் வந்தன. "நாங்கள் யோசிச்சுப்போட்டு நேரே பொலிசுக்குப் போனம்," என்று தொடங்குவார். "நாங்கள் சொன்னம், தண்டம் கட்டுறம், அவனையும் பிடியுங்கோ எண்டு." யார்டுக்குப் போனதும் நாங்கள்தான், கொக்கியைக் காட்டியதும் நாங்கள்தான்.

நான் ஒருபோதும் அவரைத் திருத்தியதில்லை. பக்கத்திலிருந்து பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு, அவர் "வனிலா" என்று சொல்லும் இடத்துக்காகக் காத்திருப்பேன். அந்த இடத்தை அவர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.